ஏழு நாள் கெடு இல்லாத சடாகோ

கேள்வி: “‘ரிங்கு’ என்ற ஜப்பானியப் பேய்ப்படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி விளக்கை அணைக்காமல் தூங்கியவன் நான். அதே ஹிடியோ நகாட்டா எடுத்தது என்று நம்பி, 2019இல் வந்த ‘சடாகோ’வைப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட நெஞ்சு படபடக்கவில்லை. அதே பேய், அதே இயக்குநர். எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை படமே மோசமா?”

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போன மாதம்தான் பழைய ‘ரிங்கு’வை மறுபடி போட்டுப் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை, ஆனாலும் கடைசிக் கால் மணி நேரம் உள்ளங்கை வியர்த்தது. 2019 படத்தை நானும் உங்களைப் போலவே ஆசையாக எதிர்பார்த்தேன். முடிந்தபோது கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. இந்தப் பேயை உலகத்துக்கே அறிமுகப்படுத்திய கைதான் இதையும் எடுத்திருக்கிறது என்பதால் வந்த வருத்தம் அது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ரிங்கு’வில் நம்மை உலுக்கியது சடாகோ என்கிற பேயின் உருவம் மட்டுமில்லை, அவள் கூடவே வந்த நிபந்தனை. 2019 படம் நிபந்தனையைக் கழற்றிப் போட்டுவிட்டு உருவத்தை மட்டும் அழைத்து வந்தது. இதை விளக்க இரண்டு படங்களின் கதையையும் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

‘ரிங்கு’ ஜப்பானில் 1998 ஜனவரி 31 அன்று வெளியானது. கோஜி சுஸுகி 1991இல் எழுதிய நாவல், ஹிரோஷி தகஹாஷியின் திரைக்கதை. ஒரு வீடியோ கேசட். அதைப் பார்த்தவருக்கு உடனே தொலைபேசி அடிக்கும். ஏழாம் நாள் சாவு. ரெய்கோ என்ற பத்திரிகையாளர் அதைப் பார்த்துவிடுகிறாள். பிரிந்துபோன கணவன் ரியூஜியும் பார்க்கிறான். அவர்களுடைய சிறு பையனும் ஒரு ராத்திரி பார்த்துவிடுகிறான்.

இதற்குப் பிறகு படத்தில் பேய் வர வேண்டிய அவசியமே இல்லை. திரையில் அவ்வப்போது தேதியும் கிழமையும் எழுத்தில் வரும், அவ்வளவுதான். ‘இன்னும் நான்கு நாள்’ என்று நாமே மனதில் கழித்துக்கொள்கிறோம். அவர்கள் ஒரு தீவுக்குப் போகிறார்கள், கடலில் அலை பெரிதாக இருக்கிறது, படகு கிடைக்கவில்லை. இதில் பயப்பட என்ன இருக்கிறது? நாள் குறைகிறது, அதுதான். ஒரு சாதாரண தாமதத்தைக்கூட வயிற்றைப் பிசைய வைக்க அந்தக் கெடுவால் முடிந்தது.

ரெய்கோவின் கெடு முடியும் நாளில், சாபத்துக்குக் காரணமான சடாகோவின் எலும்புகளைக் கிணற்றில் கண்டுபிடிக்கிறார்கள். நேரம் தாண்டியும் அவள் சாகவில்லை. அப்பாடா, ஆவி சாந்தியடைந்துவிட்டது என்று நாமும் மூச்சு விடுகிறோம். மறுநாள் ரியூஜியின் அறையில் தொலைக்காட்சி தானாக ஓடத் தொடங்குகிறது, அவன் சாகிறான்.

அப்போதுதான் விஷயம் புரிகிறது. சடாகோவுக்கு யாருடைய இரக்கமும் வேண்டியதில்லை. ரெய்கோ பிழைத்ததற்குக் காரணம், அவள் அந்தக் கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தாள். இப்போது பையன் பிழைக்க வேண்டுமென்றால் அவனும் ஒரு பிரதியை எடுத்து யாருக்காவது காட்ட வேண்டும். வீடியோ டெக்கைக் காரில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தொலைபேசியில் ஓர் உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள் ரெய்கோ. பெற்ற பிள்ளைக்காகப் பெற்ற அப்பாவைக் காவு கொடுக்கப் போகிறாள். நீண்ட சாலையில் அந்தக் கார் போவதோடு படம் முடிகிறது. தொலைக்காட்சியிலிருந்து சடாகோ வெளியே வரும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குத் தூக்கம் போனது இந்தக் கார் காட்சியால்தான். அவள் இடத்தில் இருந்தால் நாமும் அதைத்தானே செய்வோம்?

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு கேசட்டைப் பிரதி எடுக்க இரண்டு டெக் வேண்டும். இதில் ஓடுவது அதில் பதிவாகும், ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பிரதியிலும் படம் இன்னும் கொஞ்சம் மங்கும், கோடு விழும், நிறம் வழியும். சாபத்தை அடுத்தவருக்குக் கடத்த நேரம் ஒதுக்கி, ஒயர் மாட்டி, பொத்தானை அமுக்கி, கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். மங்கல் விழுந்த அந்தப் படத் தரமே பேய்க்குப் பொருத்தமான உடையாகவும் அமைந்துவிட்டது. கோடுகளுக்கு நடுவே ஒரு கிணறு, அதன் விளிம்பில் ஏதோ அசைகிறது. கையா, படத்தின் பழுதா என்று கண் தேடும்.

சடாகோ வெளியே வரும் காட்சியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், 2019 படத்தோடு ஒப்பிட அது உதவும். அது நாவலில் கிடையாது, படத்துக்காக உருவாக்கியது. நாடகப் பயிற்சி உள்ள ரியே இனோ என்ற நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். அதனால்தான் அவள் முன்னால் வரும்போது, உடம்பு எங்கோ பின்னால் இழுபடுவது போல ஒரு கோளாறு தெரிகிறது. முகத்தை முழுதாகக் காட்டவே இல்லை. கடைசியில் முடிக்கு நடுவே தெரியும் அந்தக் கண்கூட அவளுடையது இல்லை, படக்குழுவில் இருந்த ஒரு ஆணின் கண். உடல் ஒருவருடையது, கண் இன்னொருவருடையது, நடை நேர்மாறு. காரணம் தெரியாமலே நம் உடம்பு அதை நிராகரிக்கிறது.

இந்த நிபந்தனை என்பது நகாட்டா புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஜப்பானியப் பேய்க்கதை மரபிலேயே அது உண்டு. ஓகிகு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சமுராய் வீட்டு வேலைக்காரப் பெண். பத்து அருமையான தட்டுகளில் ஒன்று காணாமல் போன பழி அவள்மேல் விழுகிறது, செத்துக் கிணற்றில் கிடக்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் கிணற்றிலிருந்து அவள் தட்டுகளை எண்ணும் சத்தம் கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை. பத்து வராது. ஒன்பதுக்குப் பிறகு அலறல். ஹிமேஜி கோட்டைக்குப் போனால் ‘ஓகிகுவின் கிணறு’ என்று இன்றைக்கும் ஒன்றைக் காட்டுவார்கள். சடாகோ எந்தக் கிணற்றிலிருந்து ஏறி வந்தாள் என்பது இதைக் கேட்டவுடன் தெரிந்துவிடும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த எண்ணிக்கை. ஏழு என்று சொல்லும்போதே கேட்பவனுக்கு ஒன்பது வரப்போகிறது என்று தெரியும். காத்திருக்கிறான். ஏழு நாள் கெடு அதே எண்ணிக்கைதான். வெள்ளை உடை சவத்துக்கு உடுத்துவது, அவிழ்ந்த கூந்தலும் அந்தச் சவத்துக்கே உரியது. அது பழைய ஓவியங்களிலிருந்தே வரும் தோற்றம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கையைக் கட்டி எழுப்புவதுதான் கடினம்.

அந்தக் கெடுவுக்குப் பிறகு என்ன ஆனது என்று வரிசையாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும். 2012இல் ‘சடாகோ 3டி’. இணையத்தில் ஒரு வீடியோ, பார்த்தவர் அங்கேயே அப்போதே சாகிறார். கெடு பூஜ்யம். மிச்சமிருந்தது கண்ணாடி போட்ட பார்வையாளர் முகத்துக்கு நேராக நீளும் கைகளும், பூச்சிபோலக் கால் மடிந்த சடாகோக்களின் கூட்டமும். அந்தப் படத்து விளம்பரத்துக்காக, சடாகோ வேடத்தில் ஒருவர் பேஸ்பால் மைதானத்தில் முதல் பந்து வீசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிய கூட்டத்தை மறுபடி அவளைக் கண்டு பயப்பட வைப்பது எந்த இயக்குநருக்கும் பெரும்பாடு. 2016இல் அவளை ‘ஜூ-ஆன்’ பேய்ப்பட வரிசையின் பேயான கயாகோவோடு மோதவிட்டார்கள், அதில் கெடு இரண்டு நாள். 2022இல் வந்த ‘சடாகோ டிஎக்ஸ்’ஸில் 24 மணி நேரம். அவசரம் கூடினால் பயம் கூடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏழு நாள் என்பது நம்பவும், மறக்கவும், மறுபடி நினைவு வரவும், யாரிடமாவது சொல்லி அழவும் போதுமான காலம். ஒரு நாளில் ஓடத்தான் முடியும்.

சரி, 2019க்கு வருவோம். நியாயமாகச் சொன்னால், தொடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தாய் தன் சின்ன மகளை சடாகோவின் மறுபிறவி என்று நம்பி அலமாரிக்குள் அடைத்து வைத்திருக்கிறாள். கடைசியில் வீட்டுக்கே தீ வைக்கிறாள். சிறுமி பிழைக்கிறாள், பெயர்கூட நினைவில்லாமல் மருத்துவமனைக்கு வருகிறாள். அங்கே மனநல ஆலோசகராக இருக்கும் மயு, எலைசா இகேடா நடித்த பாத்திரம், அவளைக் கவனிக்கிறாள். கதை இஸு ஓஷிமா தீவுக்குப் போகிறது. வேண்டாத குழந்தைகளைக் கொண்டுவந்து கடலுக்கு விட்டுவிடும் ஒரு குகை அங்கே இருக்கிறது. தாய் கைவிட்ட குழந்தை, கைவிடப்பட்டவர்களையெல்லாம் தேடும் ஆவி: இது நகாட்டாவின் சொந்த நிலம். 2002இல் அவர் எடுத்த ‘டார்க் வாட்டர்’ முழுக்க இந்தத் துக்கத்தில் நனைந்த படம்தான். முதல் இருபது நிமிடம் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் மயுவின் தம்பி கஸுமா வருகிறான். யூடியூபர். பார்வையாளர் எண்ணிக்கை விழுந்துகொண்டே போகிறது, ஏதாவது செய்ய வேண்டும் என்று எரிந்துபோன அந்த வீட்டுக்குள் கேமராவோடு போகிறான், காணாமல் போகிறான். முன்பெல்லாம் பார்த்தால் சாவு, இந்த முறை படம்பிடித்தால் சாவு என்று விளம்பரம் செய்தார்கள். கேட்கும்போது நல்ல யோசனை. எப்போதும் கையில் கேமராவோடு திரிகிற ஒரு தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான சாபம் உண்டா?

படத்துக்குள் அந்த விதி நடைமுறைக்கு வரவே இல்லை. படம்பிடிக்காதவர்களும் மாட்டுகிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு என்ன ஆகும் என்று தெளிவாக இல்லை. எத்தனை நாள் என்று இல்லை. தப்பிக்க வழி உண்டா, உண்டென்றால் அதற்கு என்ன விலை என்று இல்லை. மயு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து அதில் ஒரு குகையைக் கண்டுபிடிக்கும் இடம் ‘ரிங்கு’வின் துப்பறியும் பகுதியை அப்படியே நினைவுபடுத்துகிறது. ஆனால் அங்கே ரெய்கோ தேடியபோது அவளுக்கும் பையனுக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மயுவுக்கு எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. தம்பியைக் காணோம் என்ற கவலை இருக்கிறது. அது ஒரு காணாமல் போனவர் கதையின் பதற்றம், பேய்ப்படத்தின் பயம் வேறு. கெடு இல்லாததால் சடாகோ எப்போது வேண்டுமானாலும் வரலாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றானதும் நாம் காத்திருப்பதை விட்டுவிடுகிறோம்.

எனக்கு மிகவும் வலித்த இடம் இன்னொன்று. மசாமி என்ற பாத்திரம் நினைவிருக்கிறதா? 1998 படத்தின் முதல் காட்சியில், தோழி சாகும்போது அதே வீட்டில் இருந்த பெண். அதைப் பார்த்த அதிர்ச்சியில் மனநல மருத்துவமனைக்குப் போனவள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். அதே ஹிடோமி சாட்டோவை, இருபத்தோரு வருடம் கழித்து, அதே மசாமியாக 2019 படத்தில் கூட்டிவந்திருக்கிறார்கள். மயுவிடம் சிகிச்சைக்கு வருகிறாள். யோசித்துப் பாருங்கள், இருபத்தோரு வருடமாக ஒரு திரையைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாத ஒரு பெண். இன்றைக்கு ரயிலில், கடையில், ஒவ்வொருவர் கையிலும் திரை. அவள் எப்படி வாழ்ந்தாள், யாரிடமாவது உண்மையைச் சொன்னாளா, சொன்னால் நம்பினார்களா? முழுப் படத்தையும் அவள் தோளில் ஏற்றியிருக்கலாம். அவளுக்குக் கிடைத்ததோ சில காட்சிகள், மருத்துவமனையில் சடாகோ வருகிறாள், அத்தோடு அவள் பங்கு தீர்ந்தது. பழைய ரசிகர்கள் அடையாளம் கண்டு சந்தோஷப்படட்டும் என்று வைத்ததுபோல ஆகிவிட்டது.

‘காலம் மாறிவிட்டது, இன்றைக்குக் கேசட் எங்கே இருக்கிறது, அவர் என்னதான் செய்வார்?’ என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். வாதத்தில் நியாயம் இருக்கிறது. உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பானிய நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இணைய வீடியோவில் பிரதி என்பதற்கு விலையே இல்லை. ஒரு விரல் தொட்டால் ஆயிரம் பேருக்குப் போய்விடும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ரெய்கோ சுமந்த பாவம் இங்கே யார் தலையிலும் விழாது. அதனால் பழைய சாபத்தை அப்படியே யூடியூபுக்குள் கொண்டுபோய் வைத்தால் வேலை செய்யாது, உண்மைதான்.

ஆனால் நகாட்டாவுக்குக் கேசட்டும் கெடுவும் இல்லாமல் பயமுறுத்தத் தெரியாதா? ‘டார்க் வாட்டர்’ படத்தில் கேசட் ஏது? கூரையில் ஒரு ஈரக்கறை. நேற்று இருந்ததைவிட இன்றைக்குக் கொஞ்சம் பெரிது. தூக்கிப் போட்டாலும் திரும்பி வரும் ஒரு சிவப்புக் குழந்தைப் பை. விவாகரத்து வழக்கில் மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு தாய். புகார் சொன்னால் கட்டடப் பராமரிப்பாளர் காதில் வாங்குவதில்லை. அதிகம் கத்தினால் மனநிலை சரியில்லாதவள் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிடுவார்கள், மகள் கையை விட்டுப் போய்விடுவாள். அந்தக் கறை பரவுவதுதான் அந்தப் படத்தின் எண்ணிக்கை. வீட்டை விட்டு ஓடவும் முடியாது, உண்மையை வெளியே சொல்லவும் முடியாது. 2019 படத்திலும் அப்படி ஒரு கறை கைக்குள்ளேயே இருந்தது, அந்தச் சிறுமி. பெற்ற தாயே பேய் என்று சொன்ன குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் மயு, அவளைக் கைவிடுவாளா மாட்டாளா? அவளும் தம்பியும் பெற்றோர் இல்லாமல் வளர்ந்தவர்கள் என்று படமே சொல்கிறது. கைவிட்டால் அந்தத் தாய் செய்ததையே தானும் செய்ததாகும், வைத்துக்கொண்டால் சடாகோவையே வீட்டில் வைத்திருப்பதாகும். இப்படி ஒரு கத்தி கையில் இருக்கும்போது, திரைக்கதை அந்தச் சிறுமியை மருத்துவமனையில் விட்டுவிட்டுத் தம்பியைத் தேடித் தீவுக்குக் கப்பலேறுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சடாகோ எங்கிருந்து வந்தாள் என்று விளக்கும் ஆசை இந்த வரிசையை ஆரம்பத்திலிருந்தே பிடித்த நோய். ‘ரிங்கு’ வெளியான அதே நாளில், அதே அரங்குகளில் ஜோடிப் படமாக ‘ராசென்’ என்று அதன் தொடர்ச்சியையும் வெளியிட்டார்கள். ஜோஜி ஈதா இயக்கியது. அதில் சாபம் ஒரு வைரஸ் என்றும், மரபணு என்றும் அறிவியல் விளக்கம் வரும். ‘ரிங்கு’ எங்கேயோ போய்விட்டது, ‘ராசென்’னை யாரும் சீந்தவில்லை. அது இல்லாததுபோலவே நினைத்துக்கொண்டு 1999இல் ‘ரிங்கு 2’ எடுக்க வேண்டி வந்தது. விளக்கம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ‘ரிங்கு’வே அளவுகோல். சடாகோவின் தாய் ஷிசுகோவின் கதை, 1910இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் தொமோகிச்சி ஃபுகுராய், மறைத்து வைத்ததைக் கண்ணால் பார்க்காமலே அறியும் சக்தியைச் சோதிக்க நடத்திய பரிசோதனைகளின் சாயலில் எழுதப்பட்டது. அதில் கலந்துகொண்ட சிசுகோ மிஃபுனே என்ற இளம்பெண்ணை மோசடிக்காரி என்று தூற்றினார்கள், 1911இல் அவர் நஞ்சு குடித்து இறந்தார். இவ்வளவு கனமான வரலாற்றை ‘ரிங்கு’ ஒரே காட்சியில், கத்திக் கூச்சல்போடும் நிருபர் கூட்டமாக, சில நிமிடங்களுக்குள் காட்டி முடித்துவிடும். 2019 படம் குகையையும் புராணத்தையும் புதிதாகச் சேர்த்து வாயாலேயே சொல்லிக்கொண்டு போகிறது. சொல்லச் சொல்ல கிணற்றின் ஆழம் குறைகிறது.

ஒளியமைப்பு, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பற்றியெல்லாம் நிறையப் பேர் குறை சொல்லியிருக்கிறார்கள், அதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. 1998 படமும் பெரிய பணத்தில் எடுத்ததில்லை. இகேடாவின் நடிப்பிலும் குறையில்லை, கொடுத்ததை அக்கறையோடு செய்திருக்கிறார்.

மறுபடி அந்தப் பழைய நடுக்கம் வேண்டுமென்றால், நகாட்டாவின் மூன்று படங்களை அவர் எடுத்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் 1996இல் வந்த ‘ஜோயூரெய்’, படப்பிடிப்புத் தளத்தில் நடக்கும் பேய்க்கதை, இதுவும் தகஹாஷியின் திரைக்கதைதான். பழைய படச்சுருளில் யாரும் எடுக்காத காட்சி ஒன்று கலந்து வருவதில் தொடங்கும். ‘ரிங்கு’வின் கேசட் இங்கேதான் முளைவிட்டது. அடுத்து ‘ரிங்கு’. கடைசியாக ‘டார்க் வாட்டர்’. அதை மழை பெய்யும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அடுக்குமாடியில் மேல் வீடு காலியாக இருக்கும்போது.